பழைய சிறு டிராக்டரில் எண்ணெய் மட்டமும் பிரேக் கசிவும்

பழைய சிறு டிராக்டரின் பின்னுடல் ஓர் எண்ணெய்த் தொட்டி. கியர்பாக்ஸ், கிரவுன்-பினியன், கலப்பையைத் தூக்கும் ஹைட்ராலிக் பம்ப் மூன்றும் பல வகைகளில் ஒரே வார்ப்பிரும்புக் கூட்டுக்குள், ஒரே எண்ணெயில் நனைந்தபடி சுழல்கின்றன. அந்த எண்ணெய் பின்சக்கர பிரேக்குக்குள் போகாமல் தடுப்பது ஆக்சிலைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீல்தான். அதனால் இந்த வண்டிகளில் எண்ணெய் குறைவதும் பிரேக் பிடிக்காமல் போவதும் வெவ்வேறு பழுதுகளாகத் தெரிந்தாலும், பல நேரங்களில் மூலம் ஒன்றுதான். குறைந்ததை ஊற்றி நிரப்பிவிட்டு வேலையைத் தொடர்வது எளிது. ஊற்றிய எண்ணெய் எங்கே போயிற்று என்று தேடும்போதுதான் பழுதுபார்ப்பு தொடங்குகிறது.

இந்த அமைப்பு எண்பது ஆண்டுகளுக்கு மேல் பழையது. ஹாரி ஃபெர்குசனும் ஹென்றி ஃபோர்டும் 1938-ல் கைகுலுக்கி முடித்துக்கொண்ட உடன்பாட்டிலிருந்து 1939-ல் ஃபோர்டு 9 என் டிராக்டர் வந்தது. அதன் வாரிசான 8 என் 1947-ல் அமெரிக்காவில் வெளிவந்தது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே இங்கிலாந்தின் கவன்ட்ரியில் ஃபெர்குசன் டி.இ. 20 உற்பத்தி தொடங்கிவிட்டது. 1956-ல் ஃபெர்குசன் 35 வந்து, பின்னர் மாஸி ஃபெர்குசன் 35 என்று பெயர் பெற்றது. 1960-ல் மாஸி ஃபெர்குசன் கூட்டுறவுடன் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனத்தின் 1035 இந்த வழியில் வந்ததே. 8 என் பின்னுடல் கொள்வது 5 அமெரிக்க காலன், ஏறக்குறைய 19 லிட்டர். கியர் பற்களைக் காப்பதும் கலப்பையைத் தூக்குவதும் அந்த 19 லிட்டர்தான். பிரேக் டிரம் இரண்டும் ஆக்சில் கூட்டின் இரு முனைகளில், சக்கரத்தை ஒட்டி இருக்கும். எண்ணெய் ஆக்சில் வழியே வெளிப்பக்கம் நகர்ந்தால் முதலில் நனைவது பிரேக் லைனிங்.

எல்லாச் சிறு டிராக்டரும் இப்படி இல்லை. சில வண்டிகளில் ஹைட்ராலிக்குக்குத் தனி டேங்க் இருக்கும். நான்கு சக்கரமும் இழுக்கும் ஜப்பானிய வகைகளில் முன் ஆக்சிலுக்கும் அதன் இரு முனை கியர் கூடுகளுக்கும் தனித்தனியாக எண்ணெய் உண்டு. அவற்றுக்கு ஸ்டிக் இல்லாமல் மட்டத் திருகு மட்டும் இருப்பதால், வாங்கிய நாள்முதல் யாரும் திறந்து பார்க்காத வண்டிகள் பல. பவர் ஸ்டீயரிங் இருந்தால் அதற்கொரு டப்பா, இல்லையென்றால் ஸ்டீயரிங் பெட்டிக்குள் கியர் ஆயில். பழைய டீசல் பம்புகள் சிலவற்றின் கேம் பகுதிக்கும் தனி எண்ணெய் உண்டு. ஆயில் பாத் வகை ஏர் கிளீனரின் கிண்ணத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதில் கோட்டுக்குக் கீழே போனால் புழுதி எஞ்சினுக்குள் போகும், மேலே போனால் எஞ்சின் எண்ணெயை உறிஞ்சிப் புகைக்கும். பழுது தேடுவதற்கு முன் எந்தக் கூடு எதனோடு இணைந்தது, எது தனி என்பதைக் கைப்புத்தகத்திலிருந்து தெரிந்துகொள்ளாவிட்டால் அடுத்து வரும் எந்தச் சோதனைக்கும் பொருள் இருக்காது.

மட்டம் பார்ப்பதில் செய்யும் தவறே பாதி பொய்க் கசிவுகளுக்குக் காரணம். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். எஞ்சினை நிறுத்திச் சில நிமிடம் ஆனபின், எண்ணெய் கீழே வடிந்து சேர்ந்ததும் பார்க்க வேண்டும். லிஃப்ட் கைகள் முழுக்க இறங்கியிருக்க வேண்டும். கலப்பையைத் தூக்கிவைத்த நிலையில் பார்த்தால் சிலிண்டருக்குள் இருக்கும் எண்ணெய் கணக்கில் வராது. டிப்பர் டிரெய்லர் ஓட்டுகிற வண்டிகளில் இந்த மயக்கம் இன்னும் பெரிது. டிரெய்லரின் ஜாக்கை நிரப்புவது டிராக்டரின் பின்னுடல் எண்ணெய். டிரெய்லர் தொட்டி முழுக்க இறங்காத நிலையில் குழாயைக் கழற்றினால் சில லிட்டர் டிரெய்லரிலேயே தங்கிவிடும். அதை இழப்பென்று எண்ணி ஊற்றி, அடுத்த முறை டிரெய்லர் எண்ணெய் திரும்பி வந்ததும் மட்டம் கோட்டைத் தாண்டும். மிகுந்த எண்ணெய்க்குப் போக இடம் ஆக்சில் முனைதான். வாடகைக்கு வந்த டிரெய்லரோடு அடுத்தவர் வண்டியின் அழுக்கும் தண்ணீரும் வந்து சேரும் என்பது வேறு.

குறைந்தால் கசிவு, கூடினால் நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. எஞ்சின் ஸ்டிக்கில் மட்டம் தானாக ஏறினால் டீசலோ தண்ணீரோ சம்புக்குள் இறங்குகிறது. டீசல் என்றால் ஃபீட் பம்பின் டயாஃப்ரம் அல்லது டீசல் பம்பின் சீல் மீது ஐயம் கொள்ளலாம். எண்ணெய் நீர்த்து, மணத்திலேயே தெரியும். தண்ணீர் என்றால் ஹெட் பேக்கிங் அல்லது ஈர லைனரின் ஓ ரிங். ரேடியேட்டர் தண்ணீர் நாளுக்கு நாள் இறங்குவதும் அதையே சொல்லும். இரண்டிலும் வண்டியை அப்படியே ஓட்டினால் பேரிங் போய்விடும். அதேபோல, தூக்கிய கலப்பை எஞ்சினை நிறுத்தியதும் மெல்ல இறங்குகிறதென்றால் அது உள்கசிவு. லிஃப்ட் பிஸ்டன் ரிங்கையோ வால்வையோ கடந்து எண்ணெய் அதே கூட்டுக்குள்தான் விழுகிறது, ஆகவே ஸ்டிக்கில் ஒரு மாற்றமும் தெரியாது.

நெல் வட்டாரங்களில் பின்னுடல் மட்டம் ஏறுவதற்குச் சேற்றுழவு தனிக் காரணம். கேஜ் வீல் மாட்டிச் சேறடிக்கும்போது ஆக்சில் முனை சேற்றுநீரை ஒட்டியோ அதற்குள்ளோ சுழல்கிறது. உள்ளே சூடேறி விரிந்த காற்று, வண்டி தண்ணீரில் நின்று குளிர்ந்ததும் சுருங்கும். பின்னுடலின் மூச்சுத்துளையான வென்ட் அடைத்திருந்தால் அந்தச் சுருக்கம் சீலின் விளிம்பு வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். எண்ணெயை உள்ளே நிறுத்தவே அந்த விளிம்பு அமைக்கப்பட்டது, வெளியிலிருந்து வரும் தண்ணீரைத் தடுப்பதில் அது அரைகுறை. கியர் லீவரின் ரப்பர் உறை கிழிந்த வண்டியை மழையில் நிறுத்தினாலும் இதே கதிதான். கலங்கிய எண்ணெய் பால் தேநீரின் நிறத்துக்கு வரும். ஐயம் இருந்தால் ஒரு பாட்டிலில் எடுத்து இரவு முழுவதும் வைத்து, அடியில் தண்ணீர் பிரிகிறதா என்று பார்க்கலாம். சூடான தகட்டில் ஒரு சொட்டு விட்டால் தண்ணீர் இருக்கும் எண்ணெய் படபடவென்று வெடிக்கும். சில நாள் நின்ற வண்டியின் ட்ரெயின் திருகைச் சற்றே தளர்த்தினால் அடியில் தங்கிய தண்ணீர் முதலில் வடியும். கலங்கிய எண்ணெயை மாற்றும்போது டீசல் ஊற்றி அலசும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. கூட்டின் மூலைகளில் தங்கிவிடும் டீசல் புதிய எண்ணெயை நீர்க்கச் செய்வதால், உரிய எண்ணெயையே ஊற்றிச் சில மணி நேரம் ஓட்டி மறுபடி மாற்றுவது செலவு கூடினாலும் நல்ல வழி.

இனி வெளிக்கசிவு. கழுவாத வண்டியில் கசிவைத் தேடுவது வீண். எண்ணெய் மேலே வெளிவந்து, கூட்டின் விளிம்பு வழியே ஓடி, எங்கோ தாழ்ந்த இடத்தில் சொட்டும். சொட்டுகிற இடத்தைக் கசிகிற இடமாக எண்ணித்தான் தேவையில்லாத சீல்கள் மாற்றப்படுகின்றன. டீசலும் பிரஷும் கொண்டு கழுவி, சோப்புத் தண்ணீர் விட்டு, நன்கு காயவைத்து, ஐயமான இணைப்புகளின் மேல் முகப் பவுடர் தூவி ஓட்டினால் முதல் ஈரக் கோடு எங்கே தொடங்குகிறது என்பது தெளிவாகும். இரவில் அடியில் அட்டை விரித்து வைத்தால் காலையில் கறைகள் இடம் காட்டும். சொட்டு சிறிதென்று அசட்டையாக இருப்பதற்கில்லை. பத்து நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளில் 8,640 சொட்டு, ஏறத்தாழ 400 மில்லி.

விழுந்தது எந்தத் திரவம் என்பதை விரலும் மூக்கும் சொல்லிவிடும். எஞ்சின் ஆயில் கறுத்திருக்கும். கியர் ஆயில் பிசுபிசுப்பானது, கந்தகத்தின் காட்டமான நெடி அடிக்கும். ஹைட்ராலிக் எண்ணெய் வெளிர் மஞ்சளாகவும் மெல்லியதாகவும் இருக்கும். இந்த வேறுபாடு மிகவும் உதவுவது கிளட்ச் கூட்டின் அடியில். அங்கே ஒரு சிறு துளை இருக்கும். பல வகைகளில் அது சேறு அடைக்காமலிருக்க ஒரு ஸ்பிளிட் பின் ஆடியபடி தொங்கும். துளையில் வடிவது கறுப்பென்றால் கிராங்க்கின் பின் சீல், வெளிர் நிறத்தில் நெடியடித்தால் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் சீல். இரண்டுக்கும் வண்டியை நடுவில் பிரிக்க வேண்டியிருப்பதால், பிரிப்பதற்கு முன்பே எது என்று தெரிவது நல்லது. துளை அடைத்திருந்தால் எண்ணெய் உள்ளேயே தேங்கிக் கிளட்ச் பிளேட்டை நனைக்கும், வெளியே ஒரு சொட்டும் தெரியாது. பின்னால் பி.டி.ஓ. ஷாஃப்ட் சீலும் அடிக்கடி போகும் இடம். வைக்கோலும் சாக்குக் கயிறும் ஷாஃப்டில் சுற்றி, இறுகி, சீலின் விளிம்பை அறுத்துவிடுகின்றன.

சீல் மாற்றுவதற்கு முன் வென்ட்டைப் பார்க்க வேண்டும். செலவே இல்லாத இந்தச் சோதனையைத்தான் பலரும் கடைசியில் செய்கிறார்கள். பின்னுடலின் மேலே இருக்கும் மூச்சுத்துளை சேற்றிலோ பெயின்டிலோ அடைத்துப்போனால், சூடேறிய காற்று எண்ணெயைச் சீல் வழியே வெளியே தள்ளும். நல்ல சீலும் கசியும், புதிய சீலும் கசியும்.

பிரேக்கைப் பொறுத்தவரை முதலில் கேட்க வேண்டியது, அது எந்த வகை என்பது. பழைய சிறு டிராக்டர்களில் மூன்று வகை உண்டு. ஆக்சில் முனையில் உலர் டிரம்மும் ஷூவும் கொண்டவை ஒன்று. டிஃபரன்ஷியலை ஒட்டிய பக்கக் கூட்டில் உலர் டிஸ்க் கொண்டவை இன்னொன்று; 1963-ல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டருடன் கூட்டாகத் தொடங்கிய மஹிந்திரா டிராக்டர் வரிசையில் இவற்றை நிறையக் காணலாம். எண்ணெயிலேயே மூழ்கிய டிஸ்க் மூன்றாவது. இவற்றை இயக்குவது கம்பி இணைப்பாகவோ திரவ அழுத்தமாகவோ இருக்கலாம். கம்பி இணைப்பு உள்ள வண்டியில் பிரேக் ஆயில் என்பதே கிடையாது. அங்கே "பிரேக் கசிகிறது" என்றால் அது பின்னுடல் எண்ணெய்தான்.

டிரம் வகையில் கசிவின் அடையாளம் சக்கரத்தின் உட்பக்கத்தில். டயரின் உள்சுவரிலும் டிரம்மின் அடித்தகட்டிலும் எண்ணெயில் தோய்ந்த புழுதி கறுப்பாக அப்பியிருக்கும். அந்தப் பக்கத்துப் பெடலை மிதித்தால் கெட்டியாகவே இருக்கும், ஆனால் சக்கரம் நிற்காது. பெடல் கெட்டியாக இருந்தும் பிடிக்காததால் அட்ஜஸ்ட்மென்ட் தளர்ந்திருக்கிறது என்று கருதி மேலும் மேலும் இறுக்குவார்கள், டிரம் சூடேறும், எண்ணெய் கருகும் நாற்றம் வரும். இதில் ஆபத்து வயலைவிடச் சாலையில் அதிகம். வயலில் வளைவுக்காக ஒரு பக்கம் மட்டும் மிதிக்க வசதியாக இடமும் வலமும் தனிப் பெடலாக இருக்கின்றன. சாலையில் இரண்டையும் கொக்கியால் இணைக்கிறார்கள். ஒரு பக்கம் நனைந்திருந்தால் இணைத்த பெடலை வேகத்தில் மிதித்ததும் வண்டி மறுபக்கம் இழுக்கும். சுமையேற்றிய டிரெய்லர் பின்னால் இருந்தால் கவிழவும் செய்யலாம். ஆகவே ஒரு பக்கம் எண்ணெய் தெரிந்த வண்டியைச் சரிசெய்யாமல் சாலையில் ஏற்றக் கூடாது.

சோதிக்கும் முறை எளிது. சமதளத்தில் முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன் ஆக்சில் இருபுறமும் ஆடாமல் ஆப்பு வைத்து, பின்பக்கத்தைத் தூக்கி, ஜாக்கை நம்பாமல் ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றும்போது ஒருவர் பெடலை மிதித்தால் எந்தப் பக்கம் எவ்வளவு பிடிக்கிறது என்பது தெரிந்துவிடும். அப்போதே சக்கரத்தை மேலும் கீழும் ஆட்டிப் பார்ப்பது அவசியம். ஆக்சில் பேரிங் தேய்ந்து ஆட்டம் இருந்தால் சீல் மட்டும் மாற்றுவது வீண், சில மாதத்தில் புதியதும் அதே வழியில் போகும்.

சீல் போகும் காரணங்களில் வயது ஒன்றுதான். ரப்பர் இறுகி வெடிக்கும், அல்லது ஷாஃப்டில் அதன் விளிம்பு உரசிய இடத்தில் பள்ளம் விழும். நகத்தால் தடவிப் பார்த்துப் பள்ளம் தட்டுப்பட்டால் புதிய சீலைச் சற்றுத் தள்ளிப் பொருத்த வேண்டும், அல்லது ஷாஃப்டின் மேல் மெல்லிய எஃகு உறை ஏற்ற வேண்டும். சீலின் முகத்தில் ஷாஃப்ட் விட்டம், வெளி விட்டம், தடிமன் மூன்றும் அச்சிட்டிருக்கும். பழைய பிரிட்டிஷ் வழி வண்டிகளில் இவை அங்குலக் கணக்கில் இருப்பதால், ஏறக்குறையப் பொருந்தும் மில்லிமீட்டர் சீலைக் கடையில் தருவதுண்டு, அது நிற்காது. சுருள் கம்பி தெரிகிற பக்கம் எண்ணெயை நோக்கி இருக்க வேண்டும். விளிம்பில் கிரீஸ் தடவி, ஷாஃப்டின் கூரான பற்களை டேப் சுற்றி மூடியபின் ஏற்றினால் விளிம்பு கிழியாது. கசிவை அடைப்பதாகச் சொல்லி விற்கும் மருந்துகள் ரப்பரை ஊதவைப்பவை. அறுவடை முடியும்வரை தள்ளிப்போட அவை உதவக்கூடும், கிழிந்த விளிம்பை ஒட்டவைக்காது.

எண்ணெய் குடித்த லைனிங்கைப் பெட்ரோலில் ஊறவைத்தோ தீயில் காட்டியோ மீட்கலாம் என்ற நம்பிக்கை பட்டறைகளில் வலுவாக இருக்கிறது. மேற்பரப்பு உலர்ந்து ஓரிரு நாள் பிடிக்கவும் செய்யும். டிரம் சூடேறியதும் உள்ளே ஊறிய எண்ணெய் மறுபடி மேலே வரும். இரு பக்கமும் புதிதாக மாற்றுவதே சரி, ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் இழுப்பு தொடரும். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. டிரம்முக்குள் சேர்ந்த தூசியைக் காற்றழுத்தத்தால் ஊதித் தள்ளாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

உலர் டிஸ்க் வகையில் இரு தட்டுகளுக்கு நடுவே சாய்வான குழிகளில் இருக்கும் எஃகு குண்டுகள், தட்டுகளை விரித்து டிஸ்க்கை அழுத்துகின்றன. கூட்டின் அடியிலுள்ள துளையில் எண்ணெய் சொட்டினால் உள் ஷாஃப்ட் சீல் போயிற்று என்று பொருள். துளை சேற்றில் அடைத்திருந்தால் அந்த எச்சரிக்கையே கிடைக்காது. தண்ணீர் புகுந்தால் குண்டுகள் துருப்பிடித்து, பிரேக் திடீரென்று கவ்வும், அல்லது மிதித்தபின் விடாது.

எண்ணெயில் மூழ்கிய பிரேக்குக்கு நனைவது பிரச்சினை இல்லை, எந்த எண்ணெயில் நனைகிறது என்பதே பிரச்சினை. இவ்வகைக்கு உராய்வைச் சீராக்கும் பொருள் சேர்ந்த டிராக்டர் டிரான்ஸ்மிஷன் எண்ணெய் வேண்டும். குபோட்டா, ஜான் டியர் போன்ற நிறுவனங்கள் தத்தம் வண்டிக்கெனக் குறிக்கும் எண்ணெய்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. வெறும் 90 கியர் ஆயில் ஊற்றினால் மிதிக்கும்போது அலறும், அதிரும். இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. வெண்கல புஷ் உள்ள பழைய கியர்பாக்ஸுக்கு ஜி.எல். 5 தர எண்ணெய் உகந்ததில்லை. அதில் மிகுந்திருக்கும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் வெண்கலத்தை அரிக்கக்கூடும். தரத்தில் உயர்ந்த எண் என்பதற்காக மட்டும் ஓர் எண்ணெயைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

திரவ அழுத்த பிரேக்கில் பெடலே பாதி நோயைச் சொல்லும். பஞ்சுபோல அமுங்கினால் உள்ளே காற்று. மிதித்துப் பிடித்திருக்கும்போதே மெல்லக் கீழே போய், டப்பாவில் மட்டம் குறையாமல் இருந்தால் மாஸ்டர் சிலிண்டர் வாஷரைக் கடந்து திரவம் உள்ளுக்குள் திரும்புகிறது. மட்டம் குறைந்தால் கசிவு: மாஸ்டர் சிலிண்டரின் பின்புறத் தண்டு உறைக்குள், குழாய் இணைப்புகளில், வீல் சிலிண்டரில் பார்க்கலாம். எங்குமே ஈரம் இல்லாத நிலையில் டப்பா மட்டும் காலியாகிக்கொண்டே வந்தால், எண்ணெயில் மூழ்கிய வகையில் பிரேக் பிஸ்டனின் சீல் உடைந்து திரவம் நேரே பின்னுடலுக்குள் போகிறது. இங்கே டப்பா, பின்னுடல் இரண்டின் மட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்று குறைய மற்றது கூடும்.

இந்த டப்பாவில் எதை ஊற்றுவது என்பதில் நேரும் பிழை எல்லாவற்றிலும் விலை உயர்ந்தது. சில டிராக்டர்கள் கார்களைப்போல டாட் 3 அல்லது டாட் 4 கிளைகால் திரவத்தையும், வேறு பல கனிம எண்ணெயையும் பயன்படுத்துகின்றன. முன்னதற்கான ரப்பர் கனிம எண்ணெயில் ஊதிப்போகும். பின்னதற்கான ரப்பர் கிளைகாலில் கெடும். தவறி ஒருமுறை ஊற்றிவிட்டால் வடித்து நிரப்பினால் போதாது, எல்லா வாஷரையும் ரப்பர் குழாயையும் மாற்ற வேண்டும். மூடியில் எழுத்து அழிந்திருந்தால் டப்பாவிலிருந்து ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுப் பார்க்கலாம். கிளைகால் கரையும், கனிம எண்ணெய் மிதக்கும். கிளைகால் பெயின்டை உரிப்பது இன்னொரு அடையாளம். அது காற்றிலிருந்து ஈரத்தையும் இழுக்கும். டாட் 3-க்கான குறைந்தபட்சக் கொதிநிலை புதிதில் 205 டிகிரி செல்சியஸ், 3.7 விழுக்காடு தண்ணீர் சேர்ந்தபின் 140. டாட் 4-க்கு அவை 230, 155. திறந்த டின்னை அடுத்த பருவத்துக்கென்று எடுத்துவைப்பது அதனால்தான் கூடாது.

பழுது நீக்கியபின் டிரம் வகையில் சக்கரம் உரசும்வரை இறுக்கிக் கைப்புத்தகம் சொல்லும் அளவு தளர்த்த வேண்டும். இரு பெடலின் ஓட்டமும் சமமாக வந்ததும், கொக்கியை மாட்டி ஆளில்லாத உலர்ந்த பாதையில் மெதுவான வேகத்தில் மிதித்து, இரு டயரின் தேய்ப்புத் தடமும் ஒரே நீளத்தில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். நீண்டு விழுந்த தடத்தின் பக்கம் சக்கரம் முந்திப் பூட்டுகிறது, அதைச் சற்றுத் தளர்த்தி மறுபடி பார்க்கலாம். புதிய லைனிங் படிந்ததும் பெடல் ஓட்டம் மாறும். ஆகவே சில மணி நேர உழவுக்குப் பின் அட்ஜஸ்ட்மென்டையும், கைகளை இறக்கி வைத்துப் பின்னுடல் மட்டத்தையும் இன்னொரு முறை பார்த்தால் வேலை முடிகிறது.